கதை ஒன்றுதான், வாசிக்கிறவர் மாறினால் ஏன் வேறாகிவிடுகிறது?

நீங்கள் கேட்டதை முதலில் என் சொற்களில் வைத்துக்கொள்கிறேன். கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூருக்குத் தினமும் பேருந்தில் வேலைக்குப் போய்வருகிறீர்கள். வழியில் ஒலிப்புத்தகம் கேட்பது பழக்கம். ஒரே நாவலை இரண்டு பேர் தனித்தனியாக வாசித்த இரண்டு பதிவுகள் உங்களுக்குக் கிடைத்தன. முதலாவதைப் பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டீர்கள். இரண்டாவதை நான்கே நாளில் முடித்தீர்கள், ஒரு நாள் இறங்க வேண்டிய நிறுத்தத்தையும் தாண்டிப் போய்விட்டீர்கள். இத்தனைக்கும் குரல் என்று பார்த்தால் முதலாமவர் குரல்தான் இனிமை என்கிறீர்கள். கதை ஒன்று, சொற்கள் ஒன்று, பிறகு ஏன் இப்படி என்பது உங்கள் கேள்வி. கூடவே, ஒன்றரை மடங்கு வேகத்தில் கேட்பது சரியா என்றும், கேட்டு முடித்த புத்தகத்தை 'படித்தேன்' என்று சொல்லலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

எந்த இடத்திலிருந்து பேசுகிறேன் என்று தெரிந்தால்தான் என் பதிலை எடைபோட முடியும், அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம். தருமபுரி மாவட்டத்தில் தமிழாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1999-ல் பார்வையற்ற மாணவர் ஒருவருக்காகப் பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் பாடநூலை ஒலிநாடாவில் வாசித்துக் கொடுத்தேன். அவர் கல்லூரிக்குப் போனார், அவர் சொல்லி இன்னும் இருவர் வந்தார்கள், அப்படியே தொடர்ந்துவிட்டது. பாடநூல், போட்டித் தேர்வுப் புத்தகம், சிறுகதை, நாவல் என்று நூற்றுக்கும் மேல் வாசித்தாயிற்று. ஒலிப்பதிவுக் கூடத்தில் முறையாகப் பயின்றதில்லை. கேட்டவர்கள் திருத்தித் திருத்தித்தான் கற்றுக்கொண்டேன். அவர்களுக்குப் புத்தகம் என்பதே ஒரு குரல்தான். அதனால் ஒரு சின்னப் பிசகு இருந்தாலும் அன்றைக்கே போன் வந்துவிடும்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாமவருக்கு அந்த நாவல் புரிந்திருக்கிறது. அந்தப் புரிதல்தான் உங்களைக் கட்டிப்போட்டது என்று நினைக்கிறேன். முதலாமவர் வாசித்ததை நான் கேட்கவில்லை, ஆகவே அவரைப் பற்றி நான் சொல்வது ஊகம்தான். ஆனால் நல்ல குரல் இருந்தும் பத்து நிமிடத்தில் காது சலித்துப்போகிறது என்றால், வழக்கமாகக் காரணம் ஒன்றுதான்: வாக்கியம் எங்கே போய் முடியும் என்று தெரியாமலே அதை வாசிக்கத் தொடங்குவது.

அச்சில் படிக்கும்போது நம் கண் ஒரே சொல்லில் நிற்பதில்லை. முன்னால் ஓடி வரி எங்கே முடிகிறது என்று பார்க்கிறது, புரியாவிட்டால் திரும்பி வந்து மறுபடியும் பார்க்கிறது, மேற்கோள் குறியையும் பத்தி இடைவெளியையும் தானாகவே கவனிக்கிறது. கேட்கிறவருக்கு இதில் எதுவும் இல்லை. கண் செய்கிற அத்தனை வேலையையும் வாசிக்கிறவர் குரலால் செய்து கொடுக்க வேண்டும். தமிழில் இந்தப் பொறுப்பு இன்னும் கூடுதல். நமக்கு வினை கடைசியில்தான் வரும், பெயருக்கு முன்னால் எத்தனை பெயரெச்சம் வேண்டுமானாலும் அடுக்கலாம். 'விடிகாலையில் ராயக்கோட்டைச் சந்தையில் தக்காளிக் கூடையை இறக்கிவிட்டு, விலை கேட்ட வியாபாரிக்குப் பதில் சொல்லாமல், பேருந்து வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்த அந்தப் பெண் திடீரென்று சிரித்தாள்' என்று ஒரு வாக்கியம் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'அந்தப் பெண்' என்ற இடம் வரும்வரை இது யாரைப் பற்றியது என்றே கேட்கிறவருக்குத் தெரியாது. முன்னால் வந்த எல்லாவற்றையும் கையில் பிடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். தெரிந்து வாசிக்கிறவர் 'இறக்கிவிட்டு' என்ற இடத்தில் குரலைத் தாழ்த்த மாட்டார். இன்னும் இருக்கிறது, பிடித்துக்கொள்ளுங்கள் என்று அந்தக் குரலின் உயரமே சொல்லும். 'அந்தப் பெண்' என்பதில் லேசாக ஊன்றுவார், 'சிரித்தாள்' என்பதில் இறக்கி வைப்பார். தெரியாமல் வாசிக்கிறவர் ஒவ்வொரு காற்புள்ளியிலும் குரலை இறக்கிவிடுவார். துண்டு துண்டாக வந்து விழுவதைக் கேட்கிறவர்தான் மனதுக்குள் சேர்த்துக் கட்டிக்கொள்ள வேண்டும். ஒரு வாக்கியத்துக்கு இது பெரிய பாரம் இல்லை. பத்து நிமிடம் இதையே செய்தால் களைத்துப்போகும். அது களைப்பு என்று நமக்குத் தெரியாது, கதை போரடிக்கிறது என்றுதான் தோன்றும்.

உரையாடலில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். தமிழ்க் கதைகளில் பேச்சு முதலில் வரும், பேசியவர் யார், எப்படிப் பேசினார் என்பது பின்னால் வரும். "நீ போகலாம்" என்று முணுமுணுத்தாள், "நீ போகலாம்" என்று இரைந்தான். பேசியது ஆணா பெண்ணா, முணுமுணுப்பா இரைச்சலா என்பது பேச்சு முடிந்த பிறகுதான் தாளில் இருக்கிறது. வாசிக்கிறவர் கண் அரை வரியாவது முன்னால் ஓடவில்லை என்றால், இரைந்து சொல்லிவிட்டு 'என்று முணுமுணுத்தாள்' என்று முடிக்க வேண்டிவரும். கேட்கிறவர் மனதில் அதுவரை எழுந்த காட்சி அந்த நொடியில் கலைந்துபோகிறது. இது நாலு தடவை நடந்தால் போதும், காட்சியைக் கட்டுவதையே மனம் நிறுத்திவிடுகிறது.

அடுத்தது ஒலி. இதில் சந்தேகத்துக்கு இடமே இல்லை, ஏனென்றால் பொருளே மாறிப்போகும். 'வந்தான்', 'வந்தாள்' இரண்டுக்கும் வேறுபாடு கடைசி மெய்யெழுத்து ஒன்றுதான். பேசும்போது நாம் அந்தக் கடைசி எழுத்தை விழுங்கிப் பழகியவர்கள். ஒலிப்புத்தகத்தில் அதை விழுங்கினால், வந்தது மகனா மகளா என்று தெரியாமல் கேட்கிறவர் அடுத்த வாக்கியத்தில் தேட வேண்டியிருக்கும். அதிலும் நீங்கள் கேட்பது பேருந்தில். இன்ஜின் இரைச்சலில் முதலில் காணாமல் போவது இந்த மெல்லிய முடிவுகள்தான். ஒற்றும் அப்படியே. 'வேலை கொடுத்தான்' என்றால் பிழைக்க ஒரு வேலை கொடுத்தான். 'வேலைக் கொடுத்தான்' என்றால் கையிலிருந்த வேலாயுதத்தைக் கொடுத்தான். தாளில் ஒரு சின்ன 'க்', வாயில் ஒரு சின்ன அழுத்தம். இதையெல்லாம் பள்ளிக்கூடத்து இலக்கணம் என்று ஒதுக்குகிறவர்கள் உண்டு. காதால் மட்டுமே படிக்கிறவருக்கு அந்த அழுத்தம்தான் பொருளைக் கொண்டுவந்து சேர்க்கிறது.

நான் செய்த ஒரு பிழையைச் சொன்னால் இது விளங்கும். சிறுவர்களுக்கான பாரதக் கதை ஒன்றை, நேரமில்லை என்று முன்கூட்டிப் படிக்காமல் நேராக மைக் முன்னால் உட்கார்ந்து வாசித்தேன். 'பீமன் கதையைக் கீழே வைத்தான்' என்று ஒரு வரி வந்தது. தமிழ் எழுத்தில் சொல்லுகிற கதைக்கும் பீமன் தோளில் வைத்திருக்கும் கதாயுதத்துக்கும் ஒரே எழுத்துகள்தான். ஒலியில்தான் இரண்டும் வேறு. நான் பழக்கத்தில் சொல்லுகிற கதையாகவே வாசித்துவிட்டேன். மறுநாள் ஏழாம் வகுப்புப் படிக்கும் ஒரு பெண் போன் செய்து, "ஐயா, பீமன் என்ன கதை சொல்லிக்கிட்டு இருந்தாரு? அது முன்னாடி வரலையே" என்று கேட்டாள். முன் பக்கத்தை இரண்டு முறை திரும்பப் போட்டுக் கேட்டிருக்கிறாள், தான்தான் எங்கோ விட்டுவிட்டோம் என்று. என் அவசரத்துக்கு அவள் தன் கவனத்தைக் குறைசொல்லிக்கொண்டாள் என்பது எனக்குத் தாங்கவில்லை. அன்றிலிருந்து முழுப் புத்தகத்தையும் ஒரு முறை படித்து, ஐயமுள்ள சொற்களைப் பென்சிலால் குறித்துக்கொள்ளாமல் மைக்கைத் தொடுவதில்லை.

இனி நடிப்பு. வாசிக்கிறவர் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் குரல் மாற்ற வேண்டுமா, இல்லை ஒரே சீராக வாசிக்க வேண்டுமா என்பது பழைய வழக்கு. பிரிட்டனில் 1935-ல் பார்வையற்றோருக்கான பேசும் புத்தகச் சேவையைத் தொடங்கினார்கள், முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களையும் மனதில் வைத்து. இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 25 நிமிடம் பதியும். அந்தக் காலத்திலிருந்தே, எங்களுக்கு நடித்துக் காட்ட வேண்டாம், வாசித்தால் போதும், கற்பனையை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்கிற கேட்பவர்கள் இருந்திருக்கிறார்கள். எதிர்க்கட்சியும் இருந்திருக்கிறது.

எனக்கு இந்த வழக்கு புரிந்தது நம் ஊர்ப் பாரதத்தில்தான். நம் இரண்டு மாவட்டங்களிலும் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதம் நடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினெட்டு நாளோ அதற்கு மேலோ நடக்கும். பகலில் பிரசங்கம், இரவில் கூத்து. அதாவது ஒரே கதையை, ஒரே கோயில் திடலில், ஒரே நாளில் இரண்டு விதமாகக் கேட்கலாம். பகலில் பிரசங்கியார் ஒருவர்தான். வில்லிபாரதப் பாட்டைப் பாடி நிறுத்துவார்கள், அவர் அதற்குப் பொருள் சொல்லிக் கதையை நகர்த்துவார். தருமனும் அவரே, சகுனியும் அவரே, பாஞ்சாலியும் அவரே. சிறுவயதில் நான் கேட்ட பிரசங்கியார் பாஞ்சாலி பேசும்போது குரலை மெலிதாக்கியதே இல்லை. வேகத்தைத்தான் குறைப்பார். சபையில் அவள் கேட்கும் கேள்வியை, ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் இடம் விட்டு, கூட்டத்தைப் பார்த்துக் கேட்பார். புளியமரத்தடியில் உட்கார்ந்திருந்த கிழவர்கள் தலையைக் குனிந்துகொள்வார்கள், ஏதோ அவர்கள்தான் அந்தச் சபையில் சும்மா இருந்தவர்கள் போல. இரவில் கூத்தில் எல்லாமே வேறு. மரக்கட்டை அணிகலன்கள் கட்டி, முகவீணையும் மத்தளமும் முழங்க, ஒவ்வொருவரும் தனித்தனியாக வருவார்கள். பாஞ்சாலியாக வருவது பெரும்பாலும் ஆண்தான், அது யாருக்கும் உறுத்தியதில்லை.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. ஒரே குரலில் வாசிக்கிறவர் பாத்திரங்களைக் குரலின் வகையால் பிரிக்கத் தேவையில்லை. வேகம், அழுத்தம், நிறுத்தம் மூன்றாலும் பிரித்தால் போதும். ஆண் ஒருவர் பெண் பேச்சைக் கீச்சென்று வாசிக்கும்போது நாம் பாத்திரத்தை மறந்து வாசிக்கிறவரைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறோம். பலகுரல் நாடகமாகச் செய்வதென்றால் அதை முழுமையாகச் செய்ய வேண்டும். பாம்பே கண்ணன் கல்கியின் நாவல்களைப் பல நடிகர்களை வைத்து ஒலிவடிவில் கொண்டுவந்தது அந்த வகை. அது இரவுக் கூத்து. கல்கி எழுத்து நாட்டுடைமை ஆகிவிட்டதால் அதே நாவல்களைத் தனியாக உட்கார்ந்து வாசித்தவர்களும் பலர் இருக்கிறார்கள். அது பகல் பிரசங்கம். உரையாடலும் சூழ்ச்சியும் நிறைந்த கதைக்குக் கூத்து பொருந்தும். ஆசிரியரின் குரலே வசீகரமாக உள்ள நாவலுக்கும், மனதுக்குள் நடப்பதைப் பேசும் நாவலுக்கும் ஒற்றைக் குரல்தான் சரி என்பது என் கட்சி. இது ரசனை சார்ந்தது, நீங்கள் மறுக்கலாம். இரண்டையும் அரைகுறையாகக் கலப்பதுதான் எனக்கு ஒப்பவில்லை: ஒருவரே வாசித்துக்கொண்டு, அடியில் ஓயாமல் புல்லாங்குழலை ஓட விடுவது. சோகம் என்று நமக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுகிற இசை, அந்தச் சோகத்துக்கு நாமே போய்ச் சேரும் வழியை அடைத்துவிடுகிறது.

வட்டார வழக்கு இதைவிடச் சிக்கல். நம் பக்கத்துப் பேச்சில் தெலுங்கும் கன்னடமும் கலந்திருக்கும். ஓசூர் பக்கம் ஒரே தெருவில் மூன்று மொழியும் கேட்கும். கரிசல் நாவலையோ நாஞ்சில் நாட்டுக் கதையையோ நான் வாசித்தால் என் நாக்கில் அந்த இழுப்பு வராது. ஆரம்பத்தில் வரவழைக்கப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்து மாணவர் ஒருவர் மென்மையாகச் சொன்னார்: "சார், எழுத்துல இருக்கறத அப்படியே சொல்லுங்க, மிச்சத்த நாங்க பாத்துக்கறோம்." வழக்குச் சொல்லை எழுத்தாளர் ஏற்கெனவே எழுத்துக் கூட்டி வைத்திருக்கிறார். அதை உள்ளது உள்ளபடி, தயங்காமல் சொன்னால், அந்த ஊர்க்காரர் காதில் அது தன் ஊர் ஒலியாகவே போய்ச் சேர்ந்துவிடுகிறது. போலியாக இழுத்தால் அவர்தான் முதலில் கண்டுபிடிப்பார்.

வேகத்தைப் பற்றிக் கேட்டீர்கள். நான் வாசித்தால் நிமிடத்துக்கு 90 முதல் 100 சொற்கள் வரும். ஆங்கில ஒலிப்புத்தகங்களில் 150 சொற்கள் வரை சாதாரணமாகப் போகும். அதனால் தமிழர்கள் மெதுவாக வாசிக்கிறார்கள் என்று அர்த்தமில்லை. நம் சொற்கள் நீளம், வேற்றுமையும் துணைவினையும் ஒட்டிக்கொண்டே வரும். 'போய்க்கொண்டிருந்தவர்களிடமிருந்து' நமக்கு ஒரே சொல். ஒன்றரை மடங்கு வைக்கும்போது குரல் கீச்சாகாமல் ஆப் பார்த்துக்கொள்கிறது, அது இன்று பெரிய பிரச்சினை இல்லை. பிரச்சினை எங்கே என்றால், ஆப் சொல்லை மட்டும் சுருக்குவதில்லை, மௌனத்தையும் அதே அளவில் சுருக்குகிறது. 'கதவைத் திறந்தாள்' என்று சொல்லிவிட்டு வாசிக்கிறவர் யோசித்து வைத்த ஒன்றரை நொடி இடைவெளி ஒரு நொடியாகிவிடும். இரண்டு மடங்கில் முக்கால் நொடி. அந்த இடைவெளியில்தான் கதவுக்குப் பின்னால் யார் என்று நீங்கள் யோசித்திருப்பீர்கள். ஆகவே தகவலுக்காகக் கேட்கும் புத்தகத்துக்கு ஒன்றரை, இரண்டு எதுவும் தாராளமாக வையுங்கள். போட்டித் தேர்வுக்குப் படிக்கும் என் மாணவர்கள் திரையில் உள்ளதைக் குரலில் படித்துக் காட்டும் கணினித் திரைவாசிப்பானை எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகத்தில் கேட்டு, அப்படியே பதிலும் சொல்வார்கள். பழகிய காதின் திறமை அது. அதே மாணவர்கள் நாவல் என்றால் வேகத்தை ஒன்றுக்குக் கொண்டுவந்துவிடுகிறார்கள். நீங்கள் கேட்கும் ஆள் உண்மையிலேயே இழுத்து வாசிக்கிறார் என்றால் 1.15, 1.2 வரை போகலாம், இடைவெளிகள் அதிகம் சிதையாது.

பதிவின் தரம் பற்றிச் சுருக்கமாக. ஒலிப்புத்தகங்களை ஏற்று வெளியிடும் ஏசிஎக்ஸ் போன்ற தளங்கள் அளவு வைத்திருக்கின்றன (இதில் பூஜ்யம்தான் மேல் எல்லை, மைனஸ் எண் கூடக் கூட ஒலி குறைவு): சராசரி ஒலி மைனஸ் 23-க்கும் மைனஸ் 18 டெசிபெலுக்கும் இடையில், உச்சம் மைனஸ் 3-ஐத் தாண்டாமல், பின்னணி இரைச்சல் மைனஸ் 60-க்குக் கீழே. நான் நாலு சுவரிலும் கம்பளியும் மெத்தையும் தொங்கவிட்ட அறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, விடிகாலை நாலரைக்கு உட்காருகிறேன். நெடுஞ்சாலை லாரிச் சத்தம் அப்போதுதான் கொஞ்சம் அடங்கும். கேட்கிறவருக்கு இதில் முக்கியம் ஒலியின் சீர்மை. ரகசியம் பேசும் இடத்தில் உண்மையாகவே குரலைக் கிசுகிசுவென்று இறக்கிவிட்டால் வீட்டில் நன்றாக இருக்கும், பேருந்தில் அந்த வரி முழுக்கக் காணாமல் போகும். நெருக்கத்தைக் காட்டலாம், ஒலியளவைக் குறைக்கக் கூடாது. மைக்குக்குக் கிட்டே வந்து மூச்சை மென்மையாக்கினால் அது கிடைத்துவிடும். மூச்சொலி எல்லாவற்றையும் வெட்டி எடுத்துவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படிப்பட்ட பதிவைக் கேட்கும்போது நமக்கே மூச்சு முட்டுகிறது. பெரிய மூச்சைக் குறைத்தால் போதும்.

ஏன் இவ்வளவு பதிவுகள் அவசரமாக வாசித்தவை போல இருக்கின்றன என்றும் உங்களுக்குத் தோன்றியிருக்கும். ஒரு மணி நேர ஒலி தயாராக எனக்கு வாசிக்க மூன்று மணி நேரமும், பிழை திருத்த இன்னொரு மூன்று மணி நேரமும் ஆகிறது. முன்கூட்டிப் படிப்பது தனி. ஒருமுறை ஒரு நிறுவனம் முந்நூறு பக்க நாவலை நான்கு நாளில் கேட்டது. முடிந்து வரும் ஒலியின் மணிக்கணக்குக்குத்தான் பணம், படித்துப் புரிந்துகொள்ளும் நேரத்துக்குக் கணக்கே இல்லை. நான் மறுத்துவிட்டேன், ஓய்வூதியம் இருப்பதால் மறுக்க முடிந்தது. பிழைப்புக்கு வாசிக்கிற இளைஞர் ஒருவரால் மறுக்க முடியாது. உங்கள் முதல் பதிவை வாசித்தவர் திறமை இல்லாதவராக இருக்க வேண்டியதில்லை, நேரம் தரப்படாதவராக இருக்கலாம்.

இயந்திரக் குரலைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் இன்று அதைத் தொடாமல் இந்தப் பேச்சு முடியாது. நாளை தேர்வு, இன்று புத்தகம் வேண்டும் என்கிற மாணவருக்கு அது பெரிய வரம், நான் அதற்கு எதிரியல்ல. உச்சரிப்பு வருடா வருடம் மேம்பட்டுக்கொண்டே போகிறது. ஆனால் 'கதை' எந்தக் கதை என்று எழுத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது, கதைக்குள் இருந்தால்தான் தெரியும். முதல் அத்தியாயத்தில் அப்பா சொன்ன ஒரு சாதாரண வார்த்தையைப் பன்னிரண்டாம் அத்தியாயத்தில் மகன் திரும்பச் சொல்லும்போது, புத்தகம் முழுவதையும் உள்வாங்கியவர் அதே ஏற்ற இறக்கத்தில் வாசிப்பார். கேட்கிறவருக்குச் சிலிர்க்கும். இயந்திரம் அதைச் செய்யும் நாள் வரலாம். நான் இதுவரை கேட்டவற்றில் அது இல்லை.

கேட்டதைப் படித்தேன் என்று சொல்லலாமா? தமிழில் இந்தக் கேள்விக்கே கொஞ்சம் வெட்கம் வர வேண்டும். உ.வே.சா. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் 'பாடம் கேட்டார்' என்றுதான் சொல்கிறோம். நம் மொழியில் கல்விக்குப் பெயரே கேள்வி. காவியங்களைச் சபையில் வாசித்து அரங்கேற்றினார்கள், திண்ணையில் ஒருவர் பெரிய எழுத்துப் புத்தகத்தை வாசிக்கப் பத்துப் பேர் கேட்டார்கள். மௌனமாகத் தனியே படிப்பது எல்லாருக்கும் வாய்த்தது பின்னால்தான். ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்றால், 2016-ல் பெத் ரோகோவ்ஸ்கி குழுவினர் ஒரே நூலின் பகுதிகளைச் சிலரைக் கேட்க வைத்து, சிலரைப் படிக்க வைத்து, சிலரை இரண்டையும் சேர்த்துச் செய்ய வைத்துச் சோதித்தார்கள். புரிதலிலும், இரண்டு வாரம் கழித்து நினைவிலும் குறிப்பிடும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் 2010-ல் டேனியல், வுடி என்ற இருவர் செய்த சோதனையில், பாடக் கட்டுரையைக் கேட்ட மாணவர்கள் படித்தவர்களைவிடத் தேர்வில் பின்தங்கினார்கள். 2013-ல் கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் பார்த்தபோது, வாய்விட்டுப் படிப்பதையும் மௌனமாகப் படிப்பதையும்விடக் கேட்கும்போது மனம் அதிகமாக அலைந்தது. இவை மேலைநாட்டில் ஆங்கிலத்தில் செய்தவை, தமிழ்க் காதுக்கு அப்படியே பொருந்தும் என்று நான் அடித்துச் சொல்ல மாட்டேன். கடினமான பாடத்துக்குக் கண், கதைக்குக் காது என்று கொண்டால் இந்த முடிவுகள் ஒன்றோடொன்று மோதவில்லை. நீங்கள் கேட்டது நாவல். படித்தேன் என்றே சொல்லுங்கள்.

இவ்வளவு சொன்ன பிறகும் எனக்குப் பிடிபடாத ஒரு பகுதி இருக்கிறது. சில குரல்கள் காரணமே இல்லாமல் பிடிக்கின்றன, சில பிடிப்பதில்லை. எல்லா விதத்திலும் அருமையாக வாசிக்கும் ஒருவரை என் மனைவியால் கேட்கவே முடியாது. அவர் குரல் காலமான அவள் அண்ணன் குரலைப் போல இருக்கிறது. அதே காரணத்துக்காக அவள் தங்கை அவர் பதிவுகளை மட்டும்தான் கேட்கிறாள். இதை எந்தப் பயிற்சியாலும் வாசிக்கிறவர் சரிசெய்ய முடியாது. உங்கள் விஷயத்திலும் இப்படி ஏதாவது இருந்திருக்கலாம்.

அதனால் ஒன்று செய்து பாருங்கள். நிறுத்திவிட்ட அந்த முதல் பதிவை ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டில், வேகத்தை ஒன்றில் வைத்து, தொடக்கத்திலிருந்து அல்லாமல் நடுவில் இரண்டு பேர் பேசிக்கொள்ளும் ஓர் இடத்தில் போட்டுக் கேளுங்கள். தொடக்கத்தை எல்லாரும் பார்த்துப் பார்த்து வாசித்திருப்பார்கள், நடுவில்தான் அசல் தெரியும். ஒவ்வொரு காற்புள்ளியிலும் குரல் கீழே இறங்குகிறதா, 'என்றாள்' வந்த பிறகுதான் பேசியது பெண் என்று தெரிகிறதா என்று மட்டும் கவனியுங்கள். ஆம் என்றால் என் ஊகம் சரி, அந்தப் பதிவை மறந்துவிடலாம். இல்லை, வீட்டில் நன்றாகவே இருக்கிறது என்றால் குற்றம் பேருந்து இரைச்சலுடையது. காதை நன்றாக அடைக்கும் ரப்பர் முனை வைத்த இயர்போன் ஒன்று வாங்கிக்கொண்டு, ஒலியைக் கூட்டாமல், அவருக்கு இன்னொரு வாரம் கொடுங்கள்.